எதிர்க்கரையில் க்ளைட்

ஏப்ரல் கடைசியில் எங்கள் ஊருக்கு வசந்தம் வந்துவிட்டதென்று நாட்காட்டி மட்டும்தான் சொல்லும். சாலையோரத்துப் பனிமேடுகள் அழுக்குப் பூசிக்கொண்டு அப்படியே கிடக்கும். கடல்போல் பரந்த ஏரியின் மேல் பனிக்கட்டி சாம்பல் நிறத்தில் விரிசல் விட்டிருக்கும். அந்த நாட்களில் ஒரு காலை, நான் பொறுப்பாக இருக்கிற முதியோர் இல்லச் சமையலறைக்குள் நுழைந்ததும் ஐலா கன்காஸ் என்னிடம் வந்து, "இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஷிப்ட் வேணாம்" என்பாள். ஏன் என்று நான் கேட்பதில்லை. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும், அவள் கெட்டில் ஓடைக்குப் போகிறாள்.

கெட்டில் ஓடைப் பாதை ஒரு வளையம். கீழே, ஓடை ஏரியில் கலக்கிற இடத்தில் வண்டி நிறுத்த ஒரு திடல் இருக்கிறது. அங்கிருந்து கிழக்குக் கரையோடு ஏறினால் அருவிகளைத் தாண்டி மேலே ஒரு மரப்பாலம். அதைக் கடந்து மேற்குக் கரையோடு இறங்கினால் புறப்பட்ட திடலுக்கே வந்து சேரலாம். மே மாதத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை. காலையில் கல்லாக இறுகியிருக்கும் பனி, வெயில் ஏறினதும் கூழாகிவிடும். ஒவ்வோர் அடிக்கும் கால் முழங்கால்வரை உள்ளே போகும். அப்போதும் போகிறவர்கள் பாதைச் சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர்தான். குளிர்காலத்தில் எந்த மரம் விழுந்தது, எங்கே கரை சரிந்தது என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. கிழக்குக் கரை ஐலாவுக்கு. மேற்குக் கரை க்ளைட் ட்ரெம்பாத்துக்கு. ஒரு காலத்தில் அவன் அவளுடைய புருஷன்.

இருவரும் சின்ன வயதிலேயே கட்டிக்கொண்டவர்கள். அவன் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு என்று கிளம்பி ஓடைக்குப் போய்விடுகிற ஜோடி என்று ஊரில் பேச்சு. சுரங்கத்தை மூடியதும் அவன் வெகுதூரத்திலுள்ள பாலைவன மாநிலமான நெவாடாவுக்குத் தங்கச் சுரங்க வேலைக்குப் போனான். இவளும் பின்னாலேயே போய்ப் பார்த்தாள்.

"ஒரு வாரம் இருந்தேன்" என்று ஒருமுறை கேரட் சீவிக்கொண்டே சொன்னாள். "ராத்திரி படுத்தா ஒரு சத்தமும் இல்ல. ஏன்டா, இங்க தண்ணி எங்கதான் ஓடுதுன்னு கேட்டேன். குழாய்லன்னான்."

சாமான்களைக் கட்டி எடுத்து வருகிறேன் என்று ஊருக்குத் திரும்பினாள். கட்டவில்லை. இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவன் வந்து போனான். பிறகு கோர்ட்டு மூலமாகப் பிரிந்தார்கள். சண்டையென்று ஒன்றுமே நடக்கவில்லை. 'நீ வா' என்று இவள் சொல்லவில்லை. 'ஏன் வரல' என்று அவன் கேட்கவில்லை. அவ்வளவுதான். நெவாடாவிலேயே பில்லிஸ் என்ற விதவையை அவன் கட்டிக்கொண்டான் என்று செய்தி வந்தபோது, ஐலா அன்றைக்கும் வேலைக்கு வந்திருந்தாள்.

"கோபம் வரலியா உனக்கு?" என்று கேட்டேன்.

"வந்திருந்தா நல்லாருந்திருக்கும். வந்து, போய், வேலை முடிஞ்சிருக்கும்."

முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோய், ஓய்வு பெற்று, பில்லிஸையும் கூட்டிக்கொண்டு க்ளைட் ஊருக்குத் திரும்பினான். மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கினான். பாதைச் சங்கத்திலும் சேர்ந்தான். அப்போதைய தலைவர் வெளியூர்க்காரர், இவர்கள் கதை தெரியாத ஒரே ஆள். கெட்டில் ஓடையைப் பார்த்துக்கொள்ள யார் யார் என்று கேட்டார். இரண்டு கைகள் உயர்ந்தன. "அப்பாடா, ஆளுக்கு ஒரு கரை" என்று சந்தோஷமாகப் பங்கு பிரித்துவிட்டார். கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அதிலிருந்து வருஷத்துக்கு ஒருநாள், மேல்பாலத்தில் அவர்கள் சந்திப்பு. ஐலா கீழ்த்திடலிலிருந்து ஏறி வருவாள். க்ளைட்டால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது; மேற்கே மரம்வெட்டிகள் போட்ட பழைய சாலையில் தன் சின்ன லாரியைக் கொண்டுவந்து, அங்கிருக்கும் இரும்பு கேட்டருகே நிறுத்திவிட்டு, மிச்சத்தை மட்டும் நடந்து வருவான். பாலத்துப் பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார்கள். அவள் பேஸ்டி கொண்டுவந்திருப்பாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து மடித்துச் சுட்ட மாவுப் பொட்டலம், சுரங்கத்துக்காரர்களின் மதியச் சோறு. க்ளைட் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த வம்சம். பேஸ்டியில் கேரட் போடுவது அவர்களுக்கு மகாபாவம். ஐலா பின்லாந்துக்காரர்கள் வீட்டுப் பெண். கேரட் இல்லாமல் செய்யமாட்டாள்.

"மறுபடியும் கேரட்டா? எங்க தாத்தா பாத்திருந்தா உன்னைச் சுரங்கத்துல தள்ளி மூடியிருப்பாரு."

"உங்க தாத்தாவுக்குப் பல்லே கெடையாது. கடிக்க முடியாதவர் போட்ட சட்டம்தானே அது."

அவன் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிக் கைப்பிடிக் கட்டையில் அணிலுக்கு வைப்பான். விழுந்த மரங்களைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு இருவருமாக மேற்குக் கரையில் இறங்கி, கேட்டில் அவன் லாரி ஏறிக்கொள்ள, அவள் தனியாக வளையத்தை முடிப்பாள். அவ்வளவுதான் அவளுடைய வசந்தகாலம். அதற்காகத்தான் அவள் குளிர்காலத்தைக் கழித்தாள் என்று நான் சொன்னால் அவள் என்னைக் கரண்டியால் அடிப்பாள். ஆனாலும் சொல்கிறேன்.

நான் சொல்லவந்த வருஷம் பனி ரொம்ப அதிகம். சன்னல்களின் பாதிவரை ஏறியிருந்தது. ஏப்ரலில் திடீரென்று மூன்று நாள் விடாமல் வெதுவெதுப்பான மழை. அடுத்த ஞாயிறு வானம் வெளுத்ததும் ஐலா கிளம்பிவிட்டாள். காலணிக்கு அடியில் இரும்புமுள் வளையம், கையில் ஊன்றுகோல், முதுகுப்பையில் மடக்கு ரம்பம், துண்டில் சுற்றின சூடான பேஸ்டி. அன்றைக்கு அவள் கேரட் போடவில்லை.

"ஏன்னு கேக்காத" என்றாள் என்னிடம். "உருளைக்கிழங்கு நறுக்கிக்கிட்டிருந்தேன். பாவம், ஒரு தடவை அவன் இஷ்டப்படி தின்னுட்டுப் போகட்டுமேன்னு தோணிச்சு."

காலைப் பனி தரைபோல அவளைத் தாங்கியது. இலை உதிராத ஹெம்லாக் மரங்களின் நிழலில் இன்னும் குளிர்காலம். வெயில் படுகிற சரிவுகளில் காட்டுப்பூண்டு பச்சைப் பசேலென்று முளைவிட்டிருந்தது. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. ஏற ஏற அதன் சத்தத்தை ஓடை விழுங்கிவிட்டது. தேயிலைச் சாயம்போலப் பழுப்பாக, நுரை தள்ளிக்கொண்டு, கரையோரப் பனிக்கட்டிகளைப் பெயர்த்து உருட்டிக்கொண்டு தண்ணீர் வந்தது. இரண்டாவது அருவி இருந்த இடமே தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளம். குறுக்கே கிடந்த ஒரு பிர்ச் மரத்தை அறுத்துத் தள்ளினாள். வழக்கத்தைவிட வேகமாக நடந்தாள்.

மேலே பாலம் இல்லை.

இரு கரையிலும் கல்மேடைகள் நின்றன. இந்தப் பக்கத்து மேடையிலிருந்து ஒரே ஒரு பலகை தொங்கி, தண்ணீரில் அடிபட்டு உதறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம், ஒரு மரத்துண்டின்மேல், சிவப்புக் குல்லாவோடு க்ளைட் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான்.

கல் எறிந்தால் தாண்டிவிடும் அகலம்தான். ஆனால் அவன் கத்துவது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கத்துவது அவளுக்கே கேட்கவில்லை. அவன் காதருகே கைவைத்து உதட்டைப் பிதுக்கினான். அவள் பையைத் திறந்து துண்டை எடுத்துக் காட்டினாள். அவன் வயிற்றைத் தடவி, "எறி எறி" என்று கையை வீசினான். பள்ளிக்கூட நாளில் அவள் சாஃப்ட்பால் ஆடினவள். இரண்டு எட்டு பின்னால் போய், வந்து, வீசினாள். பொட்டலம் அழகாகத் தாண்டி, எதிர்க்கரையின் பனித்தட்டில் விழுந்து, மெல்லச் சறுக்கியது. அவன் ஊன்றுகோலை நீட்டிக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கினான். கோலின் நுனி தொடுவதற்குள் பனித்தட்டு ஒடிந்தது. பேஸ்டி துண்டோடு ஏரிக்குப் போயிற்று.

க்ளைட் தலையில் கைவைத்துக்கொண்டான். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் வளைந்து வளைந்து சிரித்தான். சத்தமே இல்லாமல் அவன் சிரிப்பதைப் பார்க்க அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்புறம் அவன் முகம் மாறிற்று. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஏதோ நீளமாகச் சொன்னான். அவள் தலையை ஆட்டி, கேட்கவில்லை என்றாள். அவன் யோசித்து, தன் மார்பைத் தொட்டான். இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினான். வண்டி ஓட்டுகிறமாதிரி கைகளைத் திருப்பினான். பிறகு ஓடை போகிற திசையில், கீழே, தெற்கே நீட்டினான். கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, சரிதானா என்பதுபோல அவளைப் பார்த்தான்.

ஐலாவுக்குப் புரிந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு கீழே வருகிறேன். நாம் இரண்டுபேரும் சேர்ந்து போகலாம். அவள் இரண்டு கட்டைவிரல்களையும் உயரத் தூக்கிக் காட்டினாள். போதாதென்று தலையையும் பலமாக ஆட்டினாள்.

அவன் கொஞ்சநேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். குல்லாவை மாட்டிக்கொண்டு மேடேறினான். மரங்களுக்குள் மறைவதற்குமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

இறங்கும்போது பனி இளகிவிட்டது. கால் தொடைவரை உள்ளே போனது. ஒரு முள்வளையம் கழன்று எங்கோ புதைந்துபோயிற்று, தேடக்கூட நிற்கவில்லை. விழுந்தாள், எழுந்தாள். எனக்கு முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருப்பான், கிழவி எங்கே என்று கேலி பண்ணுவான் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

திடலில் அவள் கார் மட்டும் நின்றது. பக்கத்து இருக்கையில் கிடந்த பழைய கம்பளியைப் பின்னால் எடுத்துப் போட்டாள். கண்ணாடியில் பார்த்துக் கம்பளிக் குல்லாவைக் கழற்றி, ஈரத் தலையை விரலாலேயே சீவிக்கொண்டாள். அறுபதை நெருங்குகிறவள். "பாத்துச் சிரிக்கறதுக்கு அங்க யாரு இருந்தா?" என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஊருக்குள் போய்க் காப்பி குடிக்கலாம். இல்லை, கலங்கரை விளக்கம்வரை போய்ப் பனிக்கட்டி உடைவதைப் பார்க்கலாம், முன்பெல்லாம் பார்ப்பார்களே. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிமிர்ந்தாள். விறகு லாரி ஒன்று போயிற்று. ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்தது.

விழுந்துவிட்டானோ என்ற பயம் வந்ததும்தான் காரைக் கிளப்பினாள். சுற்றிக்கொண்டு மேற்குச் சாலையில் கேட்டுக்குப் போனாள். லாரி இல்லை. கார் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், சேற்றில் டயர்த் தடம் வளைந்து, அவன் வீட்டுப் பக்கமாகப் போயிருந்தது.

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"என்னன்னு? ஏன் வரலன்னா? பில்லிஸ் எடுத்தா என்ன சொல்றது?"

சில நாள் கழித்துக் கூட்டுறவுக் கடையில் பில்லிஸே எதிரே வந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே வீக்கம். ஐலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"க்ளைட் வந்து சொன்னாரு. நீங்க அவ்வளவு நல்லவிதமா எடுத்துக்கிட்டீங்களாம். ரெண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினீங்களாமே! எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா மனுஷன் தூங்கவே இல்ல."

ஐலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்கவில்லை என்று காட்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை. சமாளித்துக்கொண்டு, "எப்போ..." என்று மட்டும் இழுத்தாள்.

"மே நடுவுல. தெக்க, கிரீன் பே டவுன்ல என் பொண்ணு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு கெடைச்சிருக்கு. எனக்குச் சிறுநீரகம் ரெண்டும் போச்சு இல்லையா, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தாத்தான் ஆகும்னுட்டாங்க. அவருக்குத்தான் இந்த ஊரை விட மனசில்ல. எனக்காக வர்றாரு."

தெற்கே. இரண்டு பேர். வண்டி.

ஐலா அவளுடைய பைகளைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தான் வாங்க வந்த சாமானை வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

மறுவாரம் அவளுக்குப் பொறுக்கவில்லை. நேரே அவன் வீட்டுக்குப் போனாள். க்ளைட் வாசலில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு என்ன சொன்னே?"

"என்னிக்கு?"

"பாலத்துல. இல்லாத பாலத்துல."

"உனக்குக் கேக்கலியா?"

"ஒரு வார்த்தை கேக்கல."

"அப்புறம் எதுக்குக் கட்டைவிரலைத் தூக்கினே?"

"நீ வண்டிய எடுத்துக்கிட்டு கீழ வர்றேன்னு சொன்னதா நெனச்சேன்." அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சேர்ந்து எங்கியாவது போலாம்னு. கீழ வந்து உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"இருட்டற வரைக்கும்."

அவன் டேப்பைக் கீழே வைத்தான். பெட்டிமேலேயே உட்கார்ந்தான். பெட்டி நசுங்கியது, அவன் எழுந்திருக்கவில்லை.

"நான் உன்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன், ஐலா. நாங்க ரெண்டு பேரும் தெக்க போறோம், உனக்குப் பரவாயில்லையான்னு. நீ என்னடான்னா குதிச்சுக் குதிச்சு விரலைக் காட்டறே. சரி, இவளுக்கு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சேன். கேட்டுக்கு வந்ததும் வண்டியக் கீழத் திருப்பலாமான்னு கொஞ்சநேரம் நின்னேன். நேர்ல போய்ச் சொல்லலாமேன்னு. அவ்வளவு சந்தோஷமா இருக்கறவகிட்ட போய் நின்னா எனக்குத்தான் கஷ்டம்னு வீட்டுக்கு வந்துட்டேன்."

"முட்டாள்."

"ரெண்டு பேரும்தான்."

உள்ளே பில்லிஸ் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நெவாடாவுக்கு நீ வரலன்னதும் நான் ஏன்னு கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டேன்."

"தெரியும். இருந்தாலும் கேட்டிருக்கணும்."

அந்த ஒரு கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்பது, அது கிடைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வாசற்கதவைத் திறந்து பில்லிஸ் எட்டிப் பார்த்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாளோ, "க்ளைட், வெயில் நல்லா இருக்கு. ஐலாவைக் கூட்டிக்கிட்டு ஓடைப் பக்கம் போயிட்டு வாங்களேன். நான் கொஞ்சம் படுக்கறேன்" என்றாள்.

போனார்கள். சாலையில் பனி போய்ச் சேறாகியிருந்தது. ஒருவர் காலடியை ஒருவர் பார்த்து, உலர்ந்த இடமாகத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். சரிவில் ஊதாப் பூக்கள் சின்னச் சின்னதாகத் திறந்திருந்தன. அவன் முழங்காலுக்காக மூன்று இடத்தில் நின்றார்கள். அவள் ஏதோ பூவைப் பார்ப்பதாகப் பாவனை செய்தாள். பாலத்து இடத்தில் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. இப்போது பேசினால் நன்றாகக் கேட்கும். புதிய பாலத்துக்கு எந்த மரம் நல்லது என்று அவன் சொன்னான். கல்மேடையை இன்னும் உயர்த்தவேண்டும் என்று அவள் சொன்னாள். அந்தப் பேஸ்டியில் கேரட் இல்லை என்பதையும் சொன்னாள். அவன் நம்பவில்லை. நம்பினதும், ஏரிப் பக்கம் திரும்பி ஒரு கெட்டவார்த்தை சொன்னான். அவ்வளவு மனப்பூர்வமாக யாரும் திட்டி அவள் கேட்டதில்லையாம்.

கேட்டில் லாரி ஏறுமுன் அவன் அவள் குல்லாவைச் சரியாகக் காதுவரை இழுத்துவிட்டான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மே நடுவில் அவர்கள் போய்விட்டார்கள்.

கோடையில் சங்கத்தார் எல்லோருமாக மரம் சுமந்து புதுப் பாலம் போட்டோம். நானும் தோள் கொடுத்தேன். மேற்குக் கரைக்கு ஆள் தேடினார்கள். நான் பார்த்துக்கொள்கிறேனே என்றேன். "நீ சும்மா இரு" என்றாள் ஐலா. "ரெண்டு பக்கமும் நானே பாத்துக்கறேன்."

அடுத்த ஏப்ரலில் தனியாகப் போய்விட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தாள். சாக்ஸ் பிழியப் பிழியத் தண்ணீர். அடுப்பருகே உட்காரவைத்து மீன் சூப்பு கொடுத்தேன். மேற்குக் கரையில் பெரிய மேப்பிள் ஒன்று வேரோடு சாய்ந்துவிட்டது, ஒரு ஆளால் அறுக்கமுடியாது என்றாள். பாதி சூப்பில் எழுந்து, "அவன்கிட்ட சொல்லணும். அந்த மரத்தை அவனுக்குத் தெரியும்" என்று செல்போனை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வாசற்பக்கம் போனாள்.

சன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. முதலில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். மரம் எவ்வளவு பருமன் என்று, எதிரே இல்லாதவனுக்குக் கையை விரித்துக் காட்டினாள். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. போனைக் காதில் வைத்தபடியே ரொம்பநேரம் நின்றாள். வெகுநேரம் கழித்து உள்ளே வந்தாள்.

"பில்லிஸ் எப்படி இருக்காளாம்?"

"தேவலையாம். காட்டுப்பூண்டு மொளைச்சுதான்னு பின்னாலேருந்து கத்தறா. ஒரு கட்டு அனுப்பணும்."

"அவன் என்ன சொன்னான்?"

"தண்ணி எவ்வளவு இருக்குன்னு கேட்டான்."

"அவ்வளவுதானா?"

"அப்புறம் ஒண்ணும் பேசல." அடுப்பின் பக்கம் காலை நீட்டிக்கொண்டு, ஆறிப்போன கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். "போனை வைக்கவும் இல்ல."

நான் கிண்ணத்தை வாங்கிச் சூடாக இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். உப்பு குறைச்சல் என்று சொல்லிவிட்டு முழுவதையும் குடித்தாள்.